நாய்ப் பயிற்சியாளரைத் தேர்ந்தெடுக்கும் முன்

மொரப்பூர் போன்ற ஊர்களில் வளர்ப்பு நாயைப் பழக்கத் தருமபுரியிலிருந்தோ சேலத்திலிருந்தோ ஆள் வரவழைக்க நேரலாம் என்பதால், முன்பணம் கொடுப்பதற்கு முன் சிலவற்றைக் கவனிக்க வேண்டும்.

1. அவர் வேறொரு நாயைப் பழக்குவதை நேரில் பார்க்கவும். வாலைக் கால்களுக்கிடையே ஒடுக்கி, காதுகளைப் பின்மடித்து, உதட்டை அடிக்கடி நக்கும் நாய் கற்கவில்லை, அஞ்சுகிறது.

2. நாய் சொன்னபடி செய்யாவிட்டால் என்ன செய்வார் என்று கேட்கவும். பிரம்பையோ முள் பட்டையையோ மின்னதிர்வுப் பட்டையையோ சொல்பவரைத் தவிர்க்கவும்; அடிபட்ட நாய் உறுமி எச்சரிப்பதை விட்டு நேராகக் கடிக்கத் தொடங்கக்கூடும் என்பதோடு, தேவையற்ற வலி தருவது 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமுமாகும். சரியாகச் செய்த நொடியிலேயே தின்பண்டம் தந்து அப்பழக்கத்தை உறுதிப்படுத்தும் வெகுமதி முறையே ஏற்றது. அதற்கு விரல்நுனி அளவு அவித்த கோழித் துண்டு போதும்.

3. வீட்டாரையும் சேர்த்துப் பழக்குபவரையே அமர்த்தவும். நாய் வீட்டாரின் குரலுக்கும் கட்டுப்பட வேண்டும்.

4. சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை நாயானால், அவ்வினத்தைப் பழக்கியவரா என விசாரிக்கவும். ஓடுவதைக் கண்டால் துரத்தும் இயல்புடைய இவற்றுக்கு, ஆடுகள் மேயும் ஊரில், அழைத்தவுடன் திரும்பி வருவதே முதற்பாடம்.

5. தடுப்பூசி அட்டையைக் கேட்காதவரின் குழு வகுப்பில் குட்டியைச் சேர்க்க வேண்டாம். நாய்கள் கூடுமிடத்தில் பார்வோ வைரஸ் எளிதில் தொற்றும்.