மூக்கில் இரத்தப் பெருக்கு: சிகிச்சையும் செலவும்

மூக்கிலிருந்து இரத்தம் பெருகினால் தலையை அண்ணாந்து வைப்பது கிராமங்களில் வழக்கமாக உள்ளது. இது தவறாகும். இரத்தம் தொண்டையில் இறங்கி வாந்தியை உண்டாக்கும்.

நோயாளியை நிமிர்ந்து உட்காரச் செய்து, தலையைச் சற்று முன்னே குனிய வைத்து, மூக்கெலும்பிற்குக் கீழுள்ள மென்மையான பகுதியை 10 முதல் 15 நிமிடம் விடாது அழுத்திப் பிடித்தல் வேண்டும். வாயினால் மூச்சு விடலாம். இடையில் விரலை எடுத்துப் பார்த்தல் கூடாது. பெரும்பாலும் மூக்கின் நடுச்சுவரின் முன்பகுதியிலிருந்தே இரத்தம் வருவதால், செலவின்றி இம்முறையிலேயே நின்றுவிடும்.

30 நிமிடமாகியும் நிற்காவிடில், அல்லது நோயாளி இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவராயின், உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். கடன் கிடைக்கட்டும் என்று காத்திருத்தல் உயிருக்கே ஆபத்தாகும். 108 ஊர்திக்குக் கட்டணமில்லை. மருத்துவர் வெள்ளி நைட்ரேட்டினால் இரத்தக் குழாயைச் சுட்டு அடைப்பார். அது போதாதெனில் மூக்கினுள் துணித்திரி வைத்து அடைப்பார். மூக்கின் பின்புறத்திலிருந்து பெருகும் இரத்தம் இவற்றிற்கும் அடங்காவிடில், அறுவை செய்து குழாயை அடைப்பதுண்டு. தனியார் மருத்துவமனையில் இப்படிகள் ஒவ்வொன்றிலும் செலவு ஏறும். அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசமே.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் இம்முறையைக் கிராம சபையில் செய்து காட்டுவார்களாக.