துணித் தொப்பியும் தீக்காய வார்டும்

கேள்வி: ஆஸ்பத்திரி ஊழியர்கள் ஒருமுறை அணிந்து எறியும் தலையுறையை விட்டுத் துணித் தொப்பிக்கு மாறினால், தீக்காய நோயாளிகளுக்குக் கிருமி பயம் அதிகரிக்காதா?
– ஒரு வாசகி, சிவகாசி

பதில்: வெடி விபத்தின் வேதனையை நன்கறிந்த ஊரிலிருந்து இந்தச் சந்தேகம் எழுவது நியாயமே. ஆயினும், ஊதினால் பறக்கும் அந்தப் பாலிபுரொப்பிலீன் உறைதான் பரிசுத்தத்தின் லட்சணம் என்று நாம் கொண்டிருக்கும் நம்பிக்கைக்கு ஆதாரம் சொற்பம். 2017-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சி, அறுவைக் கூடத்திலேயே இரண்டையும் சோதித்து, பைபோல் உப்பி நிற்கும் அவ்வுறையின் துளைகள் பெரியவை என்றும், துணித் தொப்பியைவிட அதுவே நுண்துகள்களையும் கிருமிகளையும் அதிகம் உதிர்த்தது என்றும் கண்டது.

காயங்கட்டும் துணிக்குப் பேர்போன சத்திரப்பட்டி உங்கள் ஜில்லாவில்தான் இருக்கிறது. ஆனால் தொப்பிக்கு அந்த இளநெசவு உதவாது, நெருக்கமாக நெய்த பருத்தி வேண்டும். நெற்றி வியர்வையை உறிஞ்சும் அதன் பட்டியும், பின்கட்டு நாடாவும் அழுக்கைப் பிடித்து வைத்துக்கொள்ளுமாதலால், வீட்டு வாளியில் அலசுவதை நான் சம்மதியேன்; 71 டிகிரி சூட்டில் குறைந்தது 3 நிமிஷம் வேகும் சலவை, அதுவும் ஆஸ்பத்திரிப் பொறுப்பில் நடப்பது, அவசியம். இரத்தம் தெறித்த தொப்பியை அப்போதே மாற்றிவிட வேண்டும்.

ஆகவே, தொப்பி தைக்கக் கொடுக்குமுன், உங்கள் ஆஸ்பத்திரிச் சலவை யந்திரம் அவ்வளவு சூட்டை எட்டுகிறதா என்று விசாரியுங்கள்.