பாட்டில் வாழும் பறவைகள்

நுழையும்முன்

தமிழ்க்குழந்தை எழுத்தை அறியும் முன்பே பறவையை அறிந்துகொள்கிறது. அந்த அறிமுகத்தைச் செய்துவைப்பது பாட்டு. நாட்டுப்புறப் பாடல்களிலும் மக்கள் நாவில் பயிலும் தனிப்பாடல்களிலும் பறவைகள் வெறும் அழகுக்காக இடம்பெறவில்லை. அவற்றைக் கூர்ந்து நோக்கிய வாழ்க்கை அப்பாடல்களுக்குள் இருக்கிறது.

மோனை அறிந்த தாய்

சோறூட்டும் தாய் குழந்தைக்கு வேடிக்கை காட்டிப் பாடும் பாடலொன்று தமிழகமெங்கும் வழங்குகிறது. அதில் அவள் காக்கையிடம் கண்ணுக்கு மையும், கிளியிடம் கிண்ணத்தில் பாலும், குருவியிடம் கொண்டைக்குப் பூவும் கேட்கிறாள். எந்தப் பறவையிடம் எதைக் கேட்பது என்பதை முடிவுசெய்வது மோனையே. அகரத்திற்கு ஆ, ஐ, ஔ என்பனவும், இகரத்திற்கு ஈ, எ, ஏ என்பனவும், உகரத்திற்கு ஊ, ஒ, ஓ என்பனவும் மோனையாக வரும் என்பது யாப்பு மரபு. காக்கை–கண், கிளி–கிண்ணம், குருவி–கொண்டை என்னும் இணைகள் இம்மூன்று வரிசைகளிலும் முறையே அடங்குகின்றன. இலக்கண நூலைப் படித்தறியாத தாயின் செவி, இலக்கணத்தைப் பிழையின்றிக் காத்திருக்கிறது. கருநிறப் பறவையிடம் கருநிற மையைக் கேட்டதில் நிறப்பொருத்தமும் உண்டு.

மாலையில் கூடு திரும்பும் கொக்குக் கூட்டத்தைக் கண்ட சிறுவர்கள், நகங்களைத் தேய்த்துக்கொண்டு, பூப்போடுமாறு கொக்கை வேண்டிப் பாடுவர். நகத்தில் தோன்றும் வெண்புள்ளியே கொக்கு இட்ட பூ. விளையாட்டாயினும், கொக்கு எந்த வேளையில், எந்தத் திசையில் பறக்கும் என்பதை அது சிறுவர்க்குக் கற்பித்தது.

பனங்கிழங்கும் நாரையும்

வறுமையால் ஊரைப் பிரிந்து மதுரையில் குளிரில் வாடிய சத்திமுத்தப் புலவர், தம் மனைவியிடம் தூது செல்லுமாறு நாரையை வேண்டிய தனிப்பாடல் பலரும் அறிந்தது. அதில் நாரையின் சிவந்த கூரிய அலகு, பிளந்த பனங்கிழங்குக்கு ஒப்பிடப்படுகிறது. வேகவைத்த பனங்கிழங்கைப் பிளந்து பார்த்தவர்கள் இவ்வுவமையின் நுட்பத்தை உடனே உணர்வர். செங்கால் நாரை குளிர்காலத்தில் தொலைவிலிருந்து வலசை வரும் பறவை. பனங்கிழங்கு மிகுதியாகக் கிடைப்பதும் அக்காலத்தில்தான். பாடலில் வரும் குளிரும், பறவையும், உவமையும் ஒரே பருவத்தைச் சேர்ந்தவை.

பாடும் குயில் எது?

எல்லாப் பாடல்களும் இவ்வாறு இயற்கையோடு பொருந்தி நிற்பதில்லை. இனிய குரலுடைய பெண்ணைக் குயில் என்பது நம் மரபு. பாரதியாரின் குயில் பாட்டிலும் பாடும் குயில் பெண்ணே. ஆனால், இளவேனிலில் நாம் கேட்டு மகிழும் நீண்ட கூவல், செந்நிறக் கண்களையுடைய கரிய ஆண்குயிலின் குரலாகும். பழுப்பு உடலில் வெண்புள்ளிகளைக் கொண்ட பெண்குயில், குறுகிய, கூரிய ஒலியையே எழுப்பும். கற்பனைக்கு இது குறையன்று. எனினும், பாட்டு கூறுவது எது, பறவை செய்வது எது எனப் பிரித்தறிவது கற்போர் கடமையாகும்.

முற்றம் இழந்த குருவி

தாயின் பாடலில் வந்த குருவியைக் குறுந்தொகையிலும் காணலாம். அதன் 46ஆம் பாடலில் மாமலாடன் என்னும் புலவர், வாடிய ஆம்பற்பூவைப் போலக் குருவியின் சிறகு குவிந்திருப்பதைக் காட்டுகிறார். அக்குருவி முற்றத்தில் உலரும் தானியத்தை உண்கிறது. ஊர்மன்றத்து எருப்பொடியில் குடைந்து ஆடுகிறது. வீட்டின் இறப்பில் தன் குஞ்சுகளோடு தங்குகிறது. இன்றும் குருவியின் இயல்பு இதுவே. மாறியவர்கள் நாம். தானியம் உலர்த்தும் முற்றம் பல வீடுகளில் இல்லை. புழுதியாட மண்தரை இல்லை. கற்காரைக் கட்டடங்களில் கூடு கட்ட இடுக்கும் இல்லை. ஆகவே, நகரின் பல தெருக்களில் குருவிகள் அருகிவிட்டன.

குருவியைக் காணாத குழந்தைக்கும் தாய் அதே பாட்டைப் பாடுகிறாள். மோனை குறையவில்லை, ஓசை குறையவில்லை. ஆனால், 'அதோ பார்' என்று சுட்டிய விரலுக்கு எதிரே பறவை இல்லை. பாட்டின் பொருளில் ஒரு பாதி ஏட்டிலும், மறுபாதி முற்றத்திலும் இருந்தது. ஏட்டை மட்டும் காப்பது பாட்டைக் காப்பதாகாது. மொட்டைமாடியில் வைக்கும் ஒரு கலம் நீரும், சுவரில் விடும் சிறு பொந்தும் பாட்டைக் காக்கும் பணியே ஆகும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பாட்டியிடமோ அண்டை வீட்டு முதியவரிடமோ பறவை இடம்பெறும் பாடல் ஒன்றைக் கேட்டு எழுதுக. அதில் அமைந்த மோனை இணைகளை அடிக்கோடிடுக.

2. அப்பாடலில் வரும் பறவையை ஒரு வாரம் நோக்கி, பாடல் கூறும் செய்திகளுள் எவை பொருந்துகின்றன, எவை பொருந்தவில்லை எனப் பட்டியலிடுக.

3. மார்ச் 20, உலகச் சிட்டுக்குருவி நாள். அன்று வகுப்பில் பேசுவதற்கு, 'எங்கள் தெருவில் குருவி' என்னும் தலைப்பில் ஒருபக்க உரை உருவாக்குக.