ஏர்பிரஷ் வாங்கப் போகிற தாயிக்கு

தாயி, பள்ளிக்கூட ஆண்டு விழா, பிறந்தநாள், கோயில் திருவிழா என்று முகத்துக்கும் உடம்புக்கும் வண்ணம் போடும் தொழிலில் இறங்கப் போகிறாய். கையில் இருப்பதோ கொஞ்சப் பணம். தேனியிலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் நாடகத்துக்கு வேஷம் போட்டுக் காலம் தள்ளியவன் நான். எனக்குத் தெரிந்ததை உனக்குச் சொல்லி வைக்கிறேன்.

1. முதலில் பஞ்சையும் தூரிகையையும் பழகு. ஸ்பெஷல் நாடகத்தில் கதாநாயக வேஷம் கட்டும் ராஜபார்ட்காரர் கைக்கண்ணாடியை முன்னால் வைத்துக்கொண்டு தன் முகத்தைத் தானே தீட்டிக்கொள்வதைப் பார்த்துத்தான் நான் தொழில் கற்றேன். புருவம் எங்கே ஏற வேண்டும், கன்னம் எங்கே இறங்க வேண்டும் என்று அவர் விரலுக்கே தெரியும். அது தெரிந்த கைக்கு ஏர்பிரஷ் வேகம் கொடுக்கும். தெரியாத கைக்குத் தப்பை வேகமாகச் செய்யத்தான் உதவும்.

2. பணத்தைப் பிரிக்கும்போது வண்ணத்துக்கு முதலில் ஒதுக்கு, மிச்சத்தில் கருவி வாங்கு. எல்லாரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பளபளக்கும் கருவியை வாங்கிவிட்டுக் காசு தீர்ந்ததும், ஸ்டேஷனரி கடையில் அக்ரிலிக் பாட்டில் வாங்கித் தண்ணீர் ஊற்றிப் பிள்ளை கன்னத்தில் அடிக்கிறார்கள். பாட்டிலில் ‘நச்சு இல்லாதது’ என்று போட்டிருக்கலாம். அது காகிதத்தில் படம் வரைகிறவருக்குச் சொன்னது, தோலுக்குச் சொன்னதல்ல. அழகுப் பொருள் என்று விற்கப்படும் வண்ணமாகப் பார். நம் நாட்டில் அது 1940-ஆம் ஆண்டின் மருந்து, அழகுப் பொருள் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது. தயாரித்தவர் பெயர், உரிம எண், காலாவதித் தேதி, உள்ளே என்னென்ன இருக்கிறது என்பதெல்லாம் லேபிளில் இருக்க வேண்டும். இல்லாததைத் தொடாதே.

மலைக்கு அந்தப் பக்கம் திருச்சூரில், ஓணத்தின் நான்காம் நாள் புலி வேஷம் போட்டு ஆடும் புலிக்களி நடக்கும். வண்ணப் பொடியை வார்னிஷில் குழைத்து உடம்பெல்லாம் பூசிக்கொள்வார்கள்; அதைக் கழுவி எடுப்பது பெரும்பாடு. வளர்ந்த ஆண்கள் தெரிந்தே ஏற்கும் வலி அது. அதைப் பார்த்துவிட்டு மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் புலி போடாதே. அந்தக் காலத்தில் நடிகர்கள் முகத்தில் பூசிய மஞ்சள் அரிதாரம் ஆர்சனிக் கலந்த கனிமம். அவர்களை எச்சரிக்க ஆள் இல்லை. உன்னை எச்சரிக்க நான் இருக்கிறேன்.

3. கருவி இரண்டு வகை. ஒன்றில் பித்தானை அழுத்தினால் காற்றும் வண்ணமும் சேர்ந்தே வரும். வண்ணத்தின் அளவைத் திருகி முன்கூட்டியே வைத்துக்கொள்ள வேண்டும். இன்னொன்றில் அழுத்தினால் காற்று, பின்னால் இழுத்தால் வண்ணம். முன்னது எளிது, விலையும் குறைவு. ஸ்டென்சில் வைத்துப் பட்டாம்பூச்சியும் பூவும் போட அதுவே போதும். பாஷே நிறுவனத்தின் ‘எச்’ மாடல் இந்த வகைதான். வண்ணமும் காற்றும் வெளியே சேர்வதால் அதைக் கழுவுவது சுலபம். நிழல் கொடுத்து நுணுக்கமாக வரைய ஆசை வந்தால் இரண்டாவது வகைக்குப் போ. வண்ணம் வெளிவரும் வாய்தான் நாசில்; 0.3 மில்லிமீட்டர் மெல்லிய கோட்டுக்கு, 0.5 உடம்பை நிரப்ப. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 0.5 வாங்கு, அடைப்பு குறைவு. வரிசையாகப் பிள்ளைகள் நிற்கும் இடத்தில், கீழே பாட்டில் மாட்டும் கருவி நல்லது. நிறம் மாற்ற வேண்டுமா, பாட்டிலை மாற்றினால் போதும்.

4. கருவிக்குக் காற்று தரக் கம்ப்ரசர் வேண்டும். டயர் கடைக் கம்ப்ரசரில் குழாய் மாட்டிக் கொடுக்கிறேன் என்று யாராவது உதவிக்கு வருவார்கள். வேண்டாம் என்று சொல். அதன் அழுத்தம் மிக அதிகம். அந்தக் காற்றோடு எண்ணெய்ப் பிசுக்கும் வரும். எண்ணெய் போடத் தேவையில்லாத சின்னக் கம்ப்ரசரே உனக்கு வேண்டும். 3 லிட்டர் டேங்க் இருந்தால் இன்னும் நல்லது. டேங்க் இல்லாவிட்டால், விக்கி விக்கித் தண்ணீர் விடும் தெருக்குழாய் மாதிரி வண்ணம் துடித்துத் துடித்து வரும். காற்றில் உள்ள ஈரத்தைப் பிடிக்கும் வடிகட்டி கட்டாயம். இல்லையென்றால் கோட்டின் நடுவே நீர்ப்பொட்டு விழும். அழுத்தம் முகத்தருகே 10 முதல் 15 பி.எஸ்.ஐ., கை காலுக்கு 20, 25. அதற்கு மேல் போகாதே. சார்ஜ் ஏற்றி ஓட்டும் கையடக்கக் கம்ப்ரசரும் வந்திருக்கிறது. கரண்ட் இல்லாத தோப்பிலும் திடலிலும் உதவும், ஆனால் நாள் முழுக்க இழுக்காது. சித்திரை வெயிலில் எந்த மோட்டாரும் சூடேறும். நடுநடுவே அணைத்து வை. உன் கைக்கும் அந்த ஓய்வு வேண்டும்.

5. உன் முன்னால் வந்து உட்காரும் பிள்ளை, கண்ணை மூடிக்கொண்டு முகத்தை உன்னிடம் ஒப்படைக்கிறது. இந்தத் தொழிலில் இதைவிடப் பெரிய பொறுப்பு இல்லை. கண், மூக்கு, வாய்ப் பக்கம் ஏர்பிரஷைக் கொண்டு போகாதே. அங்கே பஞ்சும் தூரிகையும்தான். தூவலை மூச்சில் இழுத்தால் இளைப்பு உள்ள பிள்ளைக்கு ஆகாது. அதனால் தாயிடம் முதலிலேயே கேள். முழங்கை உட்புறம் ஒரு சொட்டு வைத்துப் பார்த்துவிட்டுத் தொடங்கு. புண்ணோ, கொப்புளமோ, தடிப்போ இருந்தால் அந்தத் தோலைத் தொடாதே. பெற்றவர் வற்புறுத்துவார், வரிசை முணுமுணுக்கும். அப்போதும் மென்மையாக மறுத்துவிடு. கம்ப்ரசர் சத்தத்துக்கு அழும் பிள்ளைக்கு முதலில் வெறும் காற்றை அதன் உள்ளங்கையில் அடித்துக் காட்டு. சிரித்த பிறகு வண்ணத்தை ஊற்று. ஒரு பிள்ளைக்கு வைத்த ஸ்டென்சிலைத் துடைக்காமல் அடுத்த பிள்ளைக்கு வைக்காதே.

6. வேலை முடிந்த கையோடு கழுவு, எவ்வளவு களைத்திருந்தாலும் சரி. உப்புத் தண்ணீர் வரும் ஊர்களில் கழுவிய பிறகும் நாசிலில் உப்பு படியும். பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்ட் வாட்டரால் கடைசி அலசல் அலசு. அடைப்பைக் குண்டூசியால் குத்தாதே, நாசில் வாய் விரிந்துவிடும். சின்னமனூர்ப் பக்கம் ஒரு தம்பி, கருவியை முழுசாகத் தின்னரில் ஊறப்போட்டான். உள்ளே இருந்த ரப்பர் வளையங்கள் ஊதிப்போய்க் கருவியே வீணாயிற்று. கெட்டிக்காரப் பையன்தான். பொறுமை மட்டும் இல்லை.

7. வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழாவுக்குக் கடை போடப் போவாய். அங்கே அக்னிச் சட்டி எடுப்பவர்களோடு, உடம்பில் சேறு பூசி சேத்தாண்டி வேடம் போட்டு வருபவர்களும் இருப்பார்கள். அது நேர்த்திக்கடன். அதற்கு உன் வண்ணம் தேவையில்லை. கூப்பிட்டு ‘நன்றாக்கித் தருகிறேன்’ என்று சொல்லாதே. வழி விட்டு ஒதுங்கி நில்.

8. கருவிக்காக வட்டிக்கு வாங்காதே. திருவிழா முடிந்தால் வேலை இல்லாத மாதங்கள் வரும், வட்டிக்கு அந்த ஓய்வு கிடையாது. பழைய கருவி கிடைத்தால் தாராளமாக வாங்கு, பார்த்து வாங்கு. ஊசியை உருவி வெளிச்சத்தில் பார், நுனி வளைந்திருக்கக் கூடாது. வெறும் தண்ணீர் ஊற்றி விற்பவர் முன்னாலேயே அடித்துப் பார். வண்ணக் கிண்ணத்தில் குமிழி வந்தால் நாசில் விரிசல் விட்டிருக்கலாம், சரியாக உட்காராமலும் இருக்கலாம். அந்த மாடலுக்கு நாசிலும் ஊசியும் தனியாகக் கிடைக்குமா என்று விசாரித்துவிட்டு, ஒரு ஜோடி சேர்த்தே வாங்கிப் பையில் போட்டுக்கொள்.