மீன் தொட்டிக்குள் சிமெண்ட் பாறை

பண்ணையில் மீன் வளர்க்கும் நண்பர்கள் பலர் வீட்டிலும் ஒரு கண்ணாடித் தொட்டி வைத்துக்கொள்கிறார்கள். பிள்ளைகள் வேடிக்கை பார்க்கும், மாற்றுகிற தண்ணீர் கீரைப்பாத்திக்குப் போகும். தொட்டியின் பின்பக்கம் பாறைச் சரிவு மாதிரி வைக்கக் கடையில் விலை கேட்டால் மலைப்பாக இருக்கிறது. தெர்மாகோலைச் செதுக்கி, மேலே சிமெண்ட் பூசி நாமே செய்யலாம். செலவு கொஞ்சம்தான். ஆனால் அவசரப்பட்டால் மறுநாள் காலையில் மீன் மிதக்கும்.

மீனைக் கொல்வது சிமெண்டில் இருக்கும் சுண்ணாம்பு. சிமெண்ட் இறுகும்போது உள்ளே சுண்ணாம்பு உண்டாகிறது. தண்ணீர் அதைக் கரைத்து இழுக்கிறது. புதுப்பூச்சில் நின்ற தண்ணீரின் பி.எச். 12 வரைகூடப் போகும். நாம் வளர்க்கும் மீன்களில் பெரும்பாலானவற்றுக்கு 6.5 முதல் 8.5 வரைதான் சரிப்படும். அதற்கு மேலே போனால் செவுள் வெந்துபோகும். இன்னொன்று, மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா, காரம் ஏற ஏற அதிக விஷமாகும். அதனால் பி.எச். 9 பக்கம் இருந்தாலே ஆபத்துதான்.

தண்ணீர் சுண்ணாம்பை இழுக்கும் என்பது நம்ம ஊருக்குப் புதுசில்லை. மேலூர் வயலுக்குத் தண்ணீர் தரும் முல்லைப் பெரியாறு அணை 1895-இல் கட்டி முடித்தது. உள்ளே சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்ந்த கலவை. கசிந்த தண்ணீர் அந்தச் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டே வந்ததால், 1930-களில் துளை போட்டு உள்ளே சிமெண்ட் பால் செலுத்தினார்கள். அவ்வளவு பெரிய அணையிலேயே அப்படி என்றால் விரல்கனம் பூச்சு எம்மாத்திரம்? நல்லவேளை, மெல்லிய பூச்சில் இருக்கும் சுண்ணாம்பைச் சில வாரங்களில் பெருமளவு வெளியேற்றிவிடலாம்.

செய்முறைக்கு வருவோம். தெர்மாகோலைப் புதுசாக வாங்க வேண்டாம், சாமான் வரும் பெட்டியில் இருப்பதே போதும். செதுக்கிய பிறகு, சாதா சிமெண்டைத் தண்ணியாகக் கரைத்து முதல் பூச்சு. அது இறுகியதும் சலித்த மணல் கலந்து இரண்டு மூன்று பூச்சு. ஒவ்வொரு பூச்சுக்கும் ஒரு நாள் இடைவெளி விட்டு ஈரத்துணி போர்த்தி வையுங்கள். நிறம் வேண்டுமானால் தரைக்குப் போடும் ரெட் ஆக்சைடு பொடி. இரும்புக் கேட்டுக்கு அடிக்கும் ரெட் ஆக்சைடு பெயிண்ட் வேறு, அதைத் தொடவே வேண்டாம். நீர்க்கசிவு தடுக்கும் மருந்து, சீக்கிரம் இறுக வைக்கும் மருந்து எதுவும் கலவையில் சேர்க்காதீர்கள். அதிலிருந்து என்ன கரையும் என்று நமக்குத் தெரியாது. கையுறை கட்டாயம். ஈர சிமெண்ட் தோலைப் புண்ணாக்கும். பிசையும்போது எரியாது, ராத்திரிதான் தெரியும். பிள்ளைகளைப் பிசைய விடாதீர்கள்.

கடைசிப் பூச்சு முடிந்து ஒரு வாரம் ஈரத்தில் இறுகட்டும். அதற்கப்புறம் ஒரு டப்பில் தண்ணீர் நிரப்பிப் பலகையை முக்குங்கள். தெர்மாகோல் மிதக்கும், மேலே கருங்கல் பாரம் வையுங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீரை முழுசாகக் கொட்டி மாற்ற வேண்டும். மூன்றாவது மாற்றத்தில் வாழைத்தண்டைத் துண்டு போட்டு ஒரு வாரம் ஊற விடலாம். புதுச் சிமெண்ட் தொட்டிக்கு மீன் பண்ணைக்காரர்கள் செய்கிற வேலைதான் இது. அழுகும்போது வரும் புளிப்பு காரத்தை முறிக்கும். தண்ணீர் கறுத்து நாறும், பயப்படாமல் கொட்டிவிட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். வினிகரை ஊற்றிச் சீக்கிரம் முடிக்கலாம் என்பார்கள். அது மேற்பூச்சைத்தான் அரிக்கும், உள்ளே இருக்கும் சுண்ணாம்பு பிறகு மெதுவாக வரும்.

சுண்ணாம்பு போயிற்றா என்று பார்க்க ஆரத்திதான் வழி! மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும் என்பது எல்லா வீட்டுக்கும் தெரியும். வெள்ளைத்துணியில் மஞ்சளைக் குழைத்துப் பூசிக் காய வைத்து, துண்டு துண்டாக வெட்டி வையுங்கள். பலகை மூன்று நாள் ஊறிய தண்ணீரில் ஒரு துண்டை நனையுங்கள். சிவந்தால் இன்னும் சுண்ணாம்பு வருகிறது. சிவக்காவிட்டாலும் அதோடு நிறுத்திவிட முடியாது. லேசான காரத்தை மஞ்சள் காட்டாது. அதற்கு மேல் பி.எச். தாள் வேண்டும். ஒரே கிணற்றுத் தண்ணீரை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் பலகையை ஊற வைத்து, மற்றதைச் சும்மா வைத்து, மூன்று நாள் கழித்து இரண்டையும் பாருங்கள். வித்தியாசம் இல்லாமல் இருந்தால் தயார். நம்ம பக்கம் கிணற்றுத் தண்ணீரே உப்பும் கடினமுமாக இருக்கிற இடம் உண்டு. அதனால்தான் எண்ணை மட்டும் பார்க்காமல் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறேன்.

பலகையைக் காய வைத்து, சிமெண்ட் படாத பின்பக்கத்தில் மீன் தொட்டிக்கான சிலிக்கான் பசை போட்டுக் கண்ணாடியில் ஒட்டுங்கள். விளிம்பில் இடைவெளி விடக்கூடாது. குஞ்சு உள்ளே புகுந்தால் வெளியே வர வழியில்லாமல் சாகும். பசையின் புளித்த வாடை முழுசாகப் போன பிறகுதான் தண்ணீர். முதலில் இரண்டு கப்பி மட்டும் விட்டு ஒரு வாரம் பாருங்கள்.

ஊறிய தண்ணீரை, குறிப்பாக முதல் இரண்டு மாற்றத்தை, மண்புழுத் தொட்டியிலோ பாத்தியிலோ ஊற்றாதீர்கள். கண்மாய்க்கோ கிணற்றுக்கோ போகாத வெற்றுப் பாதையில் கொட்டுங்கள். நிறைய தண்ணீர் சேர்த்துக் கொட்டினால் இன்னும் நல்லது.