கைப்பேசிக்குள் புகுந்த மைஸிர்

திருமறை சூதாட்டத்தை ‘மைஸிர்’ என்று குறிக்கிறது. எளிது என்னும் பொருளுடைய வேரிலிருந்து வந்த சொல் இது என்பர் விரிவுரையாளர் பலர். அறியாமைக் கால அரபிகள் ஒட்டகத்தை அறுத்துப் பங்கிட்டு, அம்புகளைக் குலுக்கி எடுத்து ஆடினார்கள். வென்றவர்கள் அவ்விறைச்சியை ஏழைகளுக்கே கொடுத்துப் பெருமை கொண்டார்கள். ஏழையின் வயிறு நிறைந்த அந்த ஆட்டத்தையும் மார்க்கம் விலக்கியது! பயன் சிறிது, பாவமோ பெரிது என்பது அல்பகரா 219ஆம் வசனத்தின் கருத்து.

இன்றைய ஆட்டத்தில் அந்தச் சிறு பயனும் இல்லை. முன்பு மதுரைப் பக்கத்தில் சீட்டாடுகிறவன் தோப்புக்கோ கண்மாய்க் கரைக்கோ போவான். எப்படியும் ஊர் அறிந்துவிடும். ஐ.பி.எல். மாதங்களில் பந்தயம் கட்டுகிறவன் போர்வைக்குள் ஆடுகிறான். பக்கத்தில் இருக்கும் மனைவிக்கு, பீரோவிலிருந்த வளையல் அடகுக் கடைக்குப் போன பிறகே தெரிகிறது.

ஆன்லைன் ரம்மி போன்றவற்றை முறைப்படுத்தச் சட்டம் வேண்டுமென 2020 ஜூலையில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை வலியுறுத்தியது. 2023இல் தமிழகம் தடைச்சட்டம் இயற்றியது. அவ்வாண்டு நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று கூறி அவற்றின் மீதான தடையை மட்டும் நீக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமை, அதிர்ஷ்டம் என்ற பேதமின்றிப் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது.

‘எனக்குக் கிரிக்கெட் தெரியும், கணக்குப் போட்டே கட்டுகிறேன்’ என்று வாதிடும் பிள்ளைகள் நம் வீடுகளில் உண்டு. அம்பெய்வது திறமைதானே? அதிலும் போட்டியிடும் இருவர் மட்டும் பணம் வைத்து, தோற்றவர் பணத்தை வென்றவர் எடுத்தால் சூது என்றே ஹனஃபி, ஷாபிஈ நூல்கள் கூறுகின்றன. மூன்றாமவர் பரிசளித்தால் கூடும். திறமையை அல்ல, பணம் எங்கிருந்து வருகிறது என்பதையே சட்டம் பார்க்கிறது. ‘வா, சூதாடுவோம்’ என்று அழைத்தவர்கூட ஸதகா கொடுக்க வேண்டுமென்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் கட்டளை (புகாரி, முஸ்லிம்). நண்பனைச் சேர்த்துவிட்டால் போனஸ் என்று ஆசை காட்டும் செயலிகளை என்னவென்பது!

வென்ற பணத்தைப் பள்ளிக்குக் கொடுத்தால் தீருமா? தீராது. உரியவரிடம் திருப்ப வேண்டும். அவர் யாரெனத் தெரியாவிடில் நன்மையை எதிர்பாராமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும்.

தோற்றுக் கடன்பட்டவருக்கு ஜகாத் கொடுக்கலாமா? பாவத்துக்காகப் பட்ட கடனாயினும், மெய்யாகத் தவ்பா செய்துவிட்டால் கொடுக்கலாம் என்பதே ஷாபிஈ மத்ஹபில் வலுவான கருத்து. வெட்கத்தால் வாய்மூடிக் கிடப்பவர் ஆலிமிடம் தனித்து வந்து சொல்ல ஜமாஅத்தார் வழி செய்ய வேண்டும். பணத்தை அவர் கையில் தராமல், அவர் சம்மதம் பெற்றுக் கடன் கொடுத்தவரிடமே நேரில் செலுத்திவிடுவது நலம்.