ஃபத்தன் ஃபத்தனாகவே இருக்கட்டும்

ஹெப்பாள், மைசூர்

அன்பு மருமகளுக்கு,

நீ அனுப்பிய இப்னு பதூதா பயணநூல் மொழிபெயர்ப்பின் மூன்று அத்தியாயங்களையும் படித்துவிட்டேன். நடை தெளிவாக ஓடுகிறது. அரபு மூலத்தின் மூச்சு எங்கும் முட்டவில்லை. எனக்குச் சொல்ல இருப்பது துறைமுகங்களின் பெயரைப் பற்றி மட்டும்தான். மூலத்தில் ‘ஃபத்தன்’ என்று இருக்கும் இடமெல்லாம் ‘நாகப்பட்டினம்’ என்று போட்டிருக்கிறாய். வாசகருக்கு உதவியாக இருக்கும் என்று நினைத்துச் செய்திருப்பாய். ஆனால் அந்த ஒரு மாற்றத்தில், ஆய்வாளர்கள் இன்னும் முடிக்காத ஒரு வழக்குக்கு நீ தீர்ப்பு எழுதிவிட்டாய்.

அரபியில் ப-ஒலி இல்லை. பட்டினம் அவர்கள் நாவில் ஃபத்தன் ஆயிற்று. இதில் சிக்கல் இல்லை. எந்தப் பட்டினம் என்பதுதான் கேள்வி. பெரியபட்டினம் என்பார் உண்டு, தேவிபட்டினம் என்பார் உண்டு, காவிரிப்பூம்பட்டினம், நாகப்பட்டினம் என்பாரும் உண்டு. 1344-இல் இலங்கையிலிருந்து வந்து, கப்பல் உடைந்து, அரபியர் மஅபர் என்ற சோழமண்டலக் கரையில் ஒதுங்கிய இப்னு பதூதா, பிறகு இந்த ஊரைப் பார்த்தார். பருத்த மரத்தூண்கள் மேல் துறையில் எழுப்பிய பெரிய மண்டபம், அதற்குப் போகக் கூரையிட்ட மரப்பாதை, கல்லால் கட்டிய பள்ளிவாசல், திராட்சை, மாதுளை என்று எவ்வளவு நுணுக்கமாகச் சொல்கிறார், பார். நாளை ஒரு கரையோரத்தில் யாராவது அகழ்ந்து அந்த மரத்தூண்களின் அடியைக் கண்டால், ‘ஃபத்தன்’ என்று படித்த வாசகர் நிமிர்ந்து உட்காருவார். ‘நாகப்பட்டினம்’ என்று படித்தவருக்கு அந்தச் செய்தியால் ஒன்றும் ஆகாது. ஆகவே பெயரை அப்படியே விடு. அடையாளம் பற்றிய விவாதத்தை அடிக்குறிப்பில் வை.

இதே கண்டிப்பை எல்லா ஊருக்கும் காட்டச் சொல்லவில்லை. கொல்லம் வேறு மாதிரி. 849-ஆம் ஆண்டின் தரிசாப்பள்ளிச் செப்பேடு அதைக் குரக்கேணிக்கொல்லம் என்கிறது. அந்தச் செப்பேட்டின் கடைசியில் சாட்சிகள் கூஃபி அரபியிலும் பஹ்லவியிலும் எபிரேய எழுத்திலும் கையெழுத்திட்டிருக்கிறார்கள். இரண்டே ஆண்டு கழித்து, 851-இல் எழுதப்பட்ட அரபு நூலான ‘அக்பார் அல்-ஸீன் வல்-ஹிந்த்’ அதே துறையைக் ‘கூலம் மலீ’ என்கிறது. மஸ்கட்டிலிருந்து ஏறத்தாழ ஒரு மாதக் கடல்வழி; சீனக் கப்பல் ஒவ்வொன்றும் ஆயிரம் திர்ஹம் வரி கட்டவேண்டும். செம்பில் கையெழுத்திட்டவர்களும் அந்த வரியைக் கட்டியவர்களும் ஒரே கடைத்தெருவில் நடந்தவர்கள் என்று நினைக்கும்போது எனக்கு இன்றைக்கும் உடல் சிலிர்க்கிறது. இங்கே சந்தேகத்துக்கு இடமில்லை. ‘கூலம் (கொல்லம்)’ என்று தைரியமாக எழுது.

அந்த ‘மலீ’யை மட்டும் உதிர்த்துவிடாதே. மலை நாட்டுக் கூலம் என்று ஊரைப் பிரித்துக் காட்ட வைத்த ஒட்டு அது. ஹெப்பாள் என்று மட்டும் எழுதினால் நம் தபால் பெங்களூர் ஹெப்பாளுக்குப் போய்விடும் என்று மைசூரையும் சேர்த்து எழுதுகிறோமே, அந்தத் தேவை அவர்களுக்கும் இருந்தது.

இன்னொன்று. அரபியில் ஒகர, ஓகாரங்களுக்குக் குறி இல்லை. ‘வாவ்’ போட்டு எழுதுவார்கள். அப்படி எழுதிய கொல்லத்தைக் கூலம் என்றும் படிக்கலாம், கவ்லம் என்றும் படிக்கலாம். இப்னு பதூதா இந்த ஊருக்கு வரும்போது, காஃபுக்கும் லாமுக்கும் ஃபத்ஹா (அகரக் குறி), இடையில் வாவ் என்று எழுத்தெழுத்தாகச் சொல்லித் தருகிறார். நீ அந்த வரியை ‘தேவையில்லை’ என்று விட்டிருக்கிறாய். அறுநூற்றைம்பது ஆண்டுக்கு முன்னால் ஒரு மனிதர் தம் காதில் விழுந்ததைப் பிழையில்லாமல் நமக்குச் சேர்க்க எடுத்துக்கொண்ட சிரமம் அது. தயவுசெய்து திரும்பச் சேர்.

காயலுக்கு வருகிறேன், உனக்கு அதுதான் கடினமாக இருக்கும். பாரசீக வரலாற்றாசிரியர்கள் ‘காயில்’ என்கிறார்கள், மார்க்கோ போலோ ‘காயல்’ என்று கேட்டெழுதினார். கால்டுவெல் அதைப் பழையகாயல் என்று கண்டார். காயல்பட்டினத்தார் தங்கள் ஊர்தான் என்பார்கள். புன்னைக்காயலும் பக்கத்தில் நிற்கிறது. தாமிரபரணி மண் கொண்டுவந்து கொட்டிக் கடலைத் தள்ளத் தள்ள, துறையும் நகர்ந்தது, பெயரும் கூடவே நகர்ந்தது. ஆகவே ‘காயல் துறை’ என்று நிறுத்திக்கொள்வது நேர்மை.

ஆனால் காயல்பட்டினத்து ஆலிம்கள் அரபியில் எழுதும்போது தங்கள் ஊரைக் ‘காஹிர்’ என்று வழங்கினார்கள். பதினேழாம் நூற்றாண்டின் சதக்கத்துல்லா அப்பா அவர்கள் ‘அல்-காஹிரீ’ என்றே அறியப்படுகிறார். எகிப்தின் காஹிராவிலிருந்து (கெய்ரோவிலிருந்து) வந்த முன்னோர் வைத்த பெயர் என்பது ஊர் மரபு. அதை மரபு என்று சொல்லியே பதிவு செய். ஏளனமும் வேண்டாம், சான்று போலக் காட்டவும் வேண்டாம். எச்சரிக்கை எதற்கென்றால், ‘அல்-காஹிரீ’ என்று பார்த்தவுடன் எகிப்தியர் என்று முடிவுகட்டும் அட்டவணைகள் இருக்கும். நூலின் ஆசிரியர் யார், யாருக்கு எழுதினார் என்று பார்த்துத்தான் ஊரைச் சொல்ல முடியும். இதே ஆலிம்கள், அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத்தமிழில் எழுதியபோது, ப-வுக்குப் புள்ளியிட்ட தனி எழுத்து கையில் இருந்தது. பட்டினம் பட்டினமாகவே நின்றது. ஆக, கை ஒன்றேயானாலும், மொழி மாறினால் ஊரின் பெயரும் மாறும். இப்படி எந்த மொழியில், எந்த நூற்றாண்டில், யார் வழங்கிய பெயர் என்ற மூன்றும் ஒவ்வொரு பெயருக்கும் உன் குறிப்பேட்டில் இருக்கவேண்டும்.

இந்தப் பெயர்களைக் கல்வெட்டுகளோடு ஒப்பிடுவதில் உனக்கு ஒரு சங்கடம் இருப்பதும் தெரியும். தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகள் உதகையிலிருந்து 1966-இல் மைசூருக்கு வந்தன. சென்னை உயர்நீதிமன்றம் 2021-இல் அவற்றைச் சென்னைக்கு அனுப்பச் சொல்லிற்று. அரபுக் கல்வெட்டுகளின் அலுவலகமோ நாகபுரியில். ஒரே கரையின் இரண்டு குரல்களைக் கேட்க இரண்டு திசையில் கடிதம் போடவேண்டியிருக்கிறது. சலிக்காமல் இரண்டுக்கும் போடு. அரபு தெரிந்தவர் தமிழ்க் கல்லைப் பார்ப்பதில்லை, தமிழ்க் கல்லைப் படிப்பவருக்கு அரபு தெரிவதில்லை. உனக்கு இரண்டும் தெரியும். இந்த வேலையை உன்னைவிட நன்றாகச் செய்யக்கூடிய ஆள் என் கண்ணுக்குத் தெரியவில்லை.

அடுத்த மாதம் காயல்பட்டினம் போகிறாய் என்று எழுதியிருந்தாய். வீடுகளில் யாராவது பழைய அரபு, அரபுத்தமிழ்க் கையெழுத்துப் படிகளைக் காட்டினால் முதலில் கடைசிப் பக்கத்தைக் கேட்டுப் பார். படியெடுத்தவர் தம் பெயரையும் ஊரையும் நாளையும் எழுதும் வழக்கம் அங்கேதான். ஊர்ப்பெயரை எந்த எழுத்தில் எழுதியிருக்கிறார், புள்ளி எத்தனை என்று அப்படியே பார்த்து வரைந்து எனக்கு அனுப்பு. படம் எடுப்பதற்கு முன் வீட்டாரின் அனுமதியைக் கேள்.

அன்புடன்,
ஹெப்பாள் மாமா